நகமடிப்பில் தந்துகி பார்ப்பது: விலை குறைந்த கருவியோடு தொடங்குபவர்களுக்கு

மோதிர விரலை நீட்டி, நகம் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். விரலின் தோல் நகத்தின் மேல் லேசாக ஏறி, மெல்லிய வெளிறிய ஓரமாக முடிகிறது. அந்த ஓரத்தை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பட்டைதான் நமக்கு வேண்டிய நகமடிப்பு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் தந்துகிகள், அதாவது ஆக மெல்லிய ரத்தநாளங்கள், தோலின் மேற்பரப்பை நோக்கி நெட்டுக்குத்தாக எழுந்து திரும்புகின்றன. மேலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகள்தான். நகமடிப்பில் அவை படுத்த வாக்கில் இருக்கின்றன. ஏறும் கால், வளைவு, இறங்கும் கால் என்று முழு வளையமும் கண்ணுக்குக் கிடைக்கிறது. விழித்திரையை விட்டால், ஊசியும் கீறலும் இல்லாமல் ஒருவரின் நுண்நாளங்களை இவ்வளவு எளிதாகப் பார்க்க உடம்பில் வேறு நல்ல இடம் இல்லை.

வார்டிலும் ஓபியிலும் புதிதாக வேலை பார்க்கத் தொடங்கியிருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள், மெடிசின் பிஜிக்கள், தோல் பிரிவில் இருப்பவர்கள், ஆர்வமுள்ள நர்ஸ்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் சொந்த விரலைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அதை வைத்துத் தனக்கு என்ன நோய் என்று முடிவு கட்டக்கூடாது.

எந்தக் கேள்விக்காகப் பார்க்கிறோம்

கருவி வாங்குவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விலை குறைந்த கருவி பல கேள்விகளுக்கு அரைகுறையாகவும், ஒரே ஒரு கேள்விக்கு நன்றாகவும் விடை சொல்லும். அந்த ஒரு கேள்வி: குளிரில் விரல் நிறம் மாறும் ரேனாட் உள்ள இந்த நோயாளியின் தந்துகிகள், தோல் இறுகிப்போகும் ஸ்கிளிரோடெர்மா நோயில் கெடுவதுபோலக் கெட்டிருக்கின்றனவா, இல்லையா?

குளிரிலோ பதற்றத்திலோ விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து பழைய நிலைக்குத் திரும்புவதை 1862-ல் பாரிஸில் மொரீஸ் ரேனாட் தன் ஆய்வேட்டில் விவரித்தார். இந்த அறிகுறி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பின்னால் வேறு நோய் ஒன்றும் இருக்காது. சிலருக்கு மட்டும் இது ஸ்கிளிரோடெர்மாவின் முதல் அடையாளம். தோல் இறுகுவதற்கு வருடக்கணக்கில் முன்பே வந்துவிடலாம். யார் எந்தக் கூட்டம் என்று பிரிக்க உதவுபவை இரண்டு: ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருட்கள், நகமடிப்பில் உள்ள தந்துகிகள்.

இந்த இரண்டும் எவ்வளவு பேசுகின்றன என்பதற்கு, மான்ட்ரியாலிலிருந்து 2008-ல் வெளியான இருபது வருட ஆய்வைப் பார்க்கலாம். 586 ரேனாட் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 74 பேருக்கு ஸ்கிளிரோடெர்மா உறுதியானது. தொடக்கத்திலேயே தந்துகி மாற்றமும் அந்த நோய்க்கே உரிய எதிர்ப்பொருளும் சேர்ந்து இருந்தவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. இரண்டுமே இல்லாதவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு சொட்டு எண்ணெயும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இதில் பாதித் தகவல் நம் மேஜையிலேயே கிடைத்துவிடுகிறது.

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து 2013-ல் கொண்டுவந்த வகைப்பாட்டிலும் இதற்கு இடம் உண்டு. மொத்தம் 9 புள்ளி வந்தால் ஸ்கிளிரோடெர்மா என்று வகைப்படுத்தலாம். ரேனாடுக்கு 3, எதிர்ப்பொருளுக்கு 3, நகமடிப்புத் தந்துகி மாற்றத்துக்கு 2. கூட்டிப் பாருங்கள், 8 வருகிறது. விரல்கள் உப்பியிருந்தால் அதற்கு 2. அப்போது கோட்டைத் தாண்டிவிடும். நகமடிப்பைப் பார்க்காமல் விட்டால் அந்த நோயாளி எல்லைக்கு வெளியே நின்றுவிடுவார்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். சென்னையின் மே மாத வெயிலில் உட்கார்ந்துகொண்டு "குளிரில் விரல் வெளுக்குமா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். கருத்த தோலில் வெளுப்பதும் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. "அம்மா, ஃபிரிட்ஜுக்குள்ள கை விட்டா விரல் மரத்துப்போகுதா? மார்கழிக் காலையில பச்சைத் தண்ணியில பாத்திரம் கழுவும்போது நிறம் மாறுதா?" என்று கேளுங்கள். "மாறும் டாக்டர், ஏசி பஸ்ல போனாலும் நீலமாகும், வீட்டுக்காரர் போன்ல படம்கூட எடுத்தார்" என்று பதில் வரும். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என்ன கருவி

இந்தத் துறையில் முறையான கருவி வீடியோ கேப்பிலரோஸ்கோப். 200 மடங்கு பெரிதாக்கும், அளக்கும், சேமிக்கும், விலை லட்சங்களில். அது இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

வார்டில் ஏற்கெனவே இருப்பது, விழித்திரையைப் பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப். இதை நகமடிப்புக்குப் பயன்படுத்தலாம் என்பதே பலருக்குத் தெரியாது. லென்ஸ் சக்கரத்தைப் பிளஸ் பக்கம் கடைசி வரை திருப்புங்கள். பிளஸ் 20 என்றால் விரலிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் குவியும், சுமார் 5 மடங்கு தெரியும். பிளஸ் 40 இருந்தால் இரண்டரை செ.மீ., சுமார் 10 மடங்கு. அப்புறம் விளக்குச் சக்கரத்தில் பச்சை வடிகட்டி இருக்கும், அதைப் போடுங்கள். விழித்திரை நாளங்களைத் தெளிவாகக் காட்டவே அதை வைத்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ரத்தம் உள்ள இடம் கருப்பாகவும் சுற்றியுள்ள தோல் வெளிறியும் தெரியும். கண்ணுக்குச் செய்த ஏற்பாடு விரலுக்கும் அப்படியே பொருந்துகிறது. படம் எடுப்பதுதான் சிரமம்.

அடுத்தது, தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் டெர்மாட்டோஸ்கோப். தோல் பிரிவில் கட்டாயம் ஒன்று இருக்கும். 10 மடங்குதான், ஆனால் ஒளியும் லென்ஸும் நல்ல தரம். போனில் மாட்டும் இணைப்பு இருந்தால் படமும் எடுக்கலாம். பெரிதாக வீங்கிய தந்துகிகள், தந்துகியே இல்லாத வெற்றிடங்கள், ரத்தக்கசிவுப் புள்ளிகள் மூன்றையும் இதில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு தந்துகியின் அகலத்தையும் அளக்க முடியாது.

மூன்றாவது, ஆன்லைனில் கிடைக்கும் யுஎஸ்பி மைக்ராஸ்கோப். சர்க்யூட் போர்டு பார்க்கவும், பிள்ளைகளின் அறிவியல் பாடத்துக்கும் விற்பது. பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருக்கும், நம்ப வேண்டாம். திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது திரையின் அளவையும் பொறுத்தது, அதனால் அந்த எண்ணுக்குத் தனியாக ஒரு மதிப்பும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் நீளம் படத்தில் எத்தனை பிக்சலில் விழுகிறது, அந்தப் பிக்சல்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

இந்த வகைக் கருவிகளில் ஒரே சக்கரம்தான் இருக்கும். அது குவியத்தையும் பெரிதாக்கத்தையும் சேர்த்தே மாற்றும். பெரும்பாலும் இரண்டு இடங்களில் படம் தெளியும்: பொருளிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்கும்போது ஒன்று, ஏறக்குறைய ஒட்டிப் பிடிக்கும்போது ஒன்று. முதலாவதில் பெரிதாக்கம் குறைவு, இடத்தைக் கண்டுபிடிக்க உதவும். இரண்டாவதுதான் எண்ணுவதற்கு. இரண்டாவது நிலை வந்ததும் சக்கரத்தின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் நான் டெர்மாட்டோஸ்கோப் பக்கம்தான் நிற்பேன். வேறு நூறு வேலைக்கும் அது உதவும். யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பின் தரம் கடைக்குக் கடை மாறுகிறது; ஒரே பெயரில் வரும் இரண்டு பெட்டிகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கும். ஆனால் நல்லதாக ஒன்று கையில் மாட்டினால், தந்துகி எண்ணுவதற்கு அதற்கு இணை இந்த விலையில் இல்லை.

அளவுகோல் லேபில் இருக்கிறது

எண்ணவும் அளக்கவும் போகிறோம் என்றால் அளவுகோல் வேண்டும். இதற்கென்று விற்கும் மைக்ரோமீட்டர் ஸ்லைடு ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் காட்டும். அதைத் தேடி அலைய வேண்டாம். ஆஸ்பத்திரி லேபில் ரத்த அணு எண்ண வைத்திருக்கும் நியூபாவர் சேம்பரைப் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அதன் நடுச் சதுரம் சரியாக ஒரு மில்லிமீட்டர் பக்கம் கொண்டது. அதற்குள் இருக்கும் ஆகச் சிறிய கட்டங்கள், அதாவது சிவப்பணு எண்ணும் கட்டங்கள், ஒவ்வொன்றும் 0.05 மி.மீ., அதாவது 50 மைக்ரான்.

இந்த 50 மைக்ரானைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இயல்பான தந்துகியின் அகலம் 20 மைக்ரானுக்குள். 20 முதல் 50 வரை விரிந்தது. 50-ஐத் தாண்டினால் அதை ராட்சதத் தந்துகி என்கிறோம். நாம் தேடும் முக்கியப் பொருளின் எல்லைக்கோடும் சேம்பரின் கட்டமும் ஒரே அளவில் இருப்பது தற்செயல்தான், ஆனால் இதைவிட வசதி கிடைக்காது.

செய்முறை இது. சேம்பரை இருட்டான பரப்பின் மேல் வைத்து, பக்கவாட்டில் ஒரு டார்ச் அடியுங்கள், கோடுகள் மின்னும். மைக்ராஸ்கோப்பை அந்த மார்க்கர் கோட்டு நிலையிலேயே வைத்துப் படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் இமேஜ் ஜே என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று பாருங்கள். உதாரணமாக 800 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 1.25 மைக்ரான், 50 மைக்ரான் என்பது 40 பிக்சல். தாராளமாக அளக்கலாம். 100 பிக்சல்தான் வருகிறது என்றால் ராட்சதத் தந்துகியே 5 பிக்சல் அகலம்தான். இயல்பான தந்துகி இரண்டு பிக்சல்கூட இருக்காது. அப்படிப்பட்ட கருவியில் அளக்கும் வேலையை மறந்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள். சக்கரம் நகர்ந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மார்க்கர் கோடு அதற்குத்தான்.

போனில் லென்ஸ் மாட்டி எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கேமராவின் அழகூட்டும் வசதிகளை அணைத்துவிடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்கும் ஜூம் எதையும் புதிதாகக் காட்டாது. இருக்கும் பிக்சலைத்தான் ஊதிக் காட்டும்.

விரலைத் தயார் செய்வது

படம் சரியில்லை என்று புதியவர்கள் கருவியைத் திட்டுவார்கள். பத்தில் எட்டு முறை கோளாறு விரலில்தான் இருக்கும், அல்லது விரலின் மேல் போட்ட எண்ணெயில். என் அனுபவத்தில், விலை உயர்ந்த கேமராவுக்கு மாறுவதால் கிடைக்கும் தெளிவைவிட, ஒழுங்காக எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பதால் கிடைக்கும் தெளிவு அதிகம்.

நோயாளியைக் கூப்பிடும்போதே சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. நகப்பூச்சு வேண்டாம். சில மணி நேரம் முன்பிருந்து சிகரெட், காபி வேண்டாம். நகத்தோரத் தோலைப் பிய்க்கவோ கடிக்கவோ வேண்டாம்; பார்லரில் நகத்தைச் சீர்செய்திருந்தால் சில வாரம் கழித்து வரச் சொல்லலாம். நம்மூரில் மிக முக்கியமானது மருதாணி. உள்ளங்கையில் என்ன கோலம் போட்டிருந்தாலும் கவலையில்லை, விரல் நுனியில் தொப்பி வைத்திருந்தால் போச்சு. நாம் பார்க்க வேண்டிய பட்டை முழுக்கச் செம்பழுப்பாக இருக்கும், அதற்குக் கீழே சிவப்பு நாளத்தைத் தேட முடியாது. தோலில் ஏறிய நிறம் ஓரிரு வாரத்தில் மங்கும், அப்போது வரச் சொல்லுங்கள். கல்யாண மாதங்களில் ஓபி சீட்டிலேயே இதை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

வந்தவுடன் பார்க்கக் கூடாது. 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் 15, 20 நிமிடம் உட்காரட்டும். ஏசியைக் கடுங்குளிரில் வைத்த அறையாக இருந்தால் ரேனாட் உள்ளவருக்கு அங்கேயே விரல் வெளுத்து, பார்க்க ஒன்றும் இருக்காது. நாம் பார்ப்பது தந்துகியின் சுவரை அல்ல, உள்ளே ஓடும் சிவப்பணு வரிசையை. ரத்தம் வராத தந்துகி கண்ணுக்குத் தெரியாது. அதை "இல்லை" என்று எண்ணிவிடுவோம்.

எந்த விரல்? கட்டை விரலை விட்டுவிட்டு எட்டு விரலும். எளிதில் தெரிவது மோதிர விரலும் சுண்டு விரலும், அதிலும் அதிகம் வேலை செய்யாத கையில். அங்கிருந்து தொடங்கினால் நம்பிக்கை வரும். வயலில் களை எடுப்பவர், தினமும் சோப்புத் தண்ணீரில் கை வைப்பவர், சுண்ணாம்பு வேலை செய்பவர் ஆகியோருக்கு நகமடிப்பு தடித்து வெடித்திருக்கும். அடி பட்ட விரலை, சீழ் பிடித்த விரலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கருத்த தோலில் எல்லோருக்கும் ஒரே தெளிவு கிடைக்காது. ஒளியைக் கூட்ட வேண்டும், காத்திருப்பையும் கூட்ட வேண்டும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். தோலின் மேலடுக்கு சொரசொரப்பானது. ஒளி அதில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வந்துவிடும். தோலுக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் உள்ள திரவத்தை மேலே விட்டால் அந்தச் சிதறல் அடங்கும், தோல் கண்ணாடிபோல ஆகும். தண்ணீரின் எண் 1.33, போதாது. லிக்விட் பாரஃபினும் கிளிசரினும் 1.47 அளவில் இருக்கின்றன. லேபில் உள்ள இமர்ஷன் ஆயில் 1.51. அல்ட்ராசவுண்ட் ஜெல் தண்ணீரால் ஆனது என்றாலும் வழியாமல் நிற்பதால் டெர்மாட்டோஸ்கோப்புக்குப் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒன்றுமே இல்லையென்றால் தேங்காயெண்ணெய் போதும். மார்கழியில் உறைந்திருந்தால் உருக்கிக்கொள்ளுங்கள். நான் பாரஃபின்தான் விடுவது வழக்கம்.

சொட்டு விட்டதும் ஐந்து நிமிடம் ஊறட்டும். குமிழி இருந்தால் கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தால் தள்ளிவிடுங்கள். வட்டமான, கருப்பு விளிம்புள்ள குமிழியைப் பார்த்துப் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பவர்கள் வருடம் ஒருவராவது வருகிறார்கள்.

பார்ப்பது

நோயாளியின் முன்கை மேஜை மேல், இதயத்தின் உயரத்தில். விரலுக்குக் கீழே சுருட்டிய துண்டு. உங்கள் கருவி பிடித்த கையின் சுண்டு விரல் நோயாளியின் விரல் மேலோ மேஜை மேலோ ஊன்றி இருக்க வேண்டும். காற்றில் தொங்கும் கையால் ஒரு படமும் எடுக்க முடியாது. இரண்டு பேரின் நடுக்கமும் சேர்ந்து திரையில் நிலநடுக்கமாகத் தெரியும்.

அழுத்தாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1930-ல் யூஜின் லாண்டிஸ் மனித நகமடிப்புத் தந்துகிக்குள்ளேயே நுண்குழலைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்: தமனிப் பக்கக் காலில் சராசரி 32 மி.மீ. பாதரசம், உச்சி வளைவில் 20, சிரைப் பக்கத்தில் 12. அதாவது கருவியின் கண்ணாடி சற்று அழுத்தினாலே ரத்தம் வெளியேறிவிடும், திரை வெள்ளையாகிவிடும். கண்ணாடி எண்ணெயைத் தொட வேண்டும், தோலைத் தொடக் கூடாது. இதற்கு எளிய சோதனை: படம் திடீரென்று வெளிறினால் கையை மிக லேசாகத் தூக்குங்கள், சிவப்பு திரும்பி வரும்.

யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பின் எல்இடி வளையம் எண்ணெயின் மேல் வெள்ளைப் புள்ளி வட்டமாகப் பிரதிபலிக்கும். ஒளியைக் குறைத்துப் பாருங்கள், கருவியை ஓரிரு டிகிரி சாய்த்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் அதன் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்து சாய்வாக டேபிள் லேம்ப் அடியுங்கள். பச்சை ஒளி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வெள்ளை ஒளியில் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிரித்து, பச்சையை மட்டும் பாருங்கள். இமேஜ் ஜேயில் இது இரண்டு கிளிக் வேலை. மிகக் கருத்த தோலில் இந்த இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிக்கிறது.

ஒற்றைப் படங்களாக எடுப்பதைவிடப் பத்து நொடி வீடியோ எடுத்து, அதில் தெளிவான ஒரு ஃபிரேமைப் பிரித்துக்கொள்வது சுலபம். ஒரு விரலுக்கு நடுப்பகுதியில் அடுத்தடுத்து இரண்டு படமாவது வேண்டும். படத்துக்குப் பெயர் வைக்கும்போது ஓபி எண், கை, விரல் மட்டும். நோயாளியின் பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, சொந்த போனின் கேலரியில் வீட்டுப் படங்களோடு கிடக்க விடுவது எல்லாம் கூடவே கூடாது. எடுக்கும் முன் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

என்ன தெரிய வேண்டும்

நோயாளியைப் பார்க்கும் முன் உங்கள் விரலையும் கூட வேலை பார்ப்பவர்களின் விரல்களையும் பாருங்கள். நிறையப் பாருங்கள். ஆரோக்கியமான விரலின் எல்லா விதங்களும் கண்ணுக்குப் பழகாமல் நோயைத் தேடினால், பார்ப்பதெல்லாம் நோயாகத் தெரியும்.

இயல்பான நகமடிப்பில், ஓரத்தை ஒட்டிய கடைசி வரிசையில், கொண்டை ஊசிகளைப் பக்கம் பக்கமாகச் செருகி வைத்ததுபோலத் தந்துகிகள் நிற்கும். ஏறும் கால் சற்று மெலிது, இறங்கும் கால் சற்றுத் தடிப்பு. ஒரு மில்லிமீட்டரில் 7 அல்லது அதற்கு மேல் இருக்கும். அங்கங்கே ஒன்று முறுக்கியிருக்கும், ஒன்று மற்றொன்றைக் குறுக்கே கடக்கும், ஒன்று லேசாக விரிந்திருக்கும். இதெல்லாம் சாதாரணம்.

எண்ணும்போது கடைசி வரிசையை மட்டும் எண்ணுங்கள். பின்வரிசைகளில் தெரியும் நுனிகளைச் சேர்த்தால் கணக்கு ஊதிவிடும். திரையில் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, அதற்குள் உச்சி விழும் வளையங்களை எண்ணினால் போதும்.

ஸ்கிளிரோடெர்மாவில் இந்த வரிசை குலைகிறது. முதலில் சில தந்துகிகள் பலூன்போல வீங்காமல், முழு நீளமும் ஒரே சீராகத் தடித்து 50 மைக்ரானைத் தாண்டும். அருகில் சிறு ரத்தக்கசிவுகள், கருஞ்சிவப்புப் புள்ளிகளாக. பிறகு தந்துகிகள் ஒவ்வொன்றாக அழிந்து, இடையில் வெறுமையான திட்டுகள் உருவாகும். கடைசியில் ராட்சதங்களும் மறைந்து, மிஞ்சியவை கிளைத்துப் புதர்போல வளரும். 2000-ல் ஜெனோவாவின் மவுரிட்சியோ குடோலோவும் குழுவினரும் இதைத் தொடக்கம், தீவிரம், பிந்தையது என்று மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். புதியவர்கள் இந்தக் கட்டப் பிரிவினையில் இறங்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக, ஐரோப்பிய நுண்சுழற்சி ஆய்வுக் குழு 2019-ல் தந்த விரைவு வழி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் 7 அல்லது அதற்கு மேல், ராட்சதம் ஒன்றும் இல்லை என்றால், ஸ்கிளிரோடெர்மா அமைப்பு இல்லை. ராட்சதம் இருக்கிறது என்றால், அல்லது எண்ணிக்கை 3 அல்லது அதற்கும் கீழே போய், இருப்பவையும் வடிவம் கெட்டிருக்கின்றன என்றால், ஸ்கிளிரோடெர்மா அமைப்பு உண்டு. இரண்டிலும் சேராதது எல்லாம் "இல்லை" பக்கம். அவ்வளவுதான். இந்த விதி 200 மடங்குக் கருவிக்காக எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. நல்ல யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பில் அப்படியே பொருத்தலாம். டெர்மாட்டோஸ்கோப்பில் ராட்சதமும் வெற்றிடமும் பளிச்சென்று தெரிந்தால் "உண்டு" என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஒன்றும் தெரியவில்லை என்றால் "இல்லை" என்று அடித்துச் சொல்லத்தான் தயங்க வேண்டும்.

"உண்டு" என்பதற்கு ஸ்கிளிரோடெர்மா என்று மட்டும் பொருள் அல்ல. தோலையும் தசையையும் தாக்கும் டெர்மாட்டோமயோசைட்டிஸிலும், கலப்பு இணைப்புத் திசு நோயிலும் இதே தோற்றம் வரும். முதலாவதற்காக, கண் இமையில் ஊதா நிறத் தடிப்பும் தொடைப் பலவீனமும் இருக்கிறதா என்று பாருங்கள். வினைல் குளோரைடு புழங்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடமும் ஒத்த மாற்றங்கள் கண்டிருக்கிறார்கள், ஆகவே தொழிலைக் கேட்பது சம்பிரதாயம் அல்ல. மறுபக்கம், சர்க்கரை நோயிலும், எதிர்ப்பாற்றல் உடம்பையே தாக்கும் லூபஸிலும் முறுக்கல், லேசான விரிவு எல்லாம் தெரியும். அவற்றை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஒரே விரலில் மட்டும் ரத்தக்கசிவு என்றால் முதலில் நகம் கடிக்கும் பழக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

எழுதி வைப்பது

கேஸ் ஷீட்டில் "கேப்பிலரோஸ்கோப்பி நார்மல்" என்று மூன்று நொடியில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்: "யுஎஸ்பி மைக்ராஸ்கோப், பாரஃபின், 20 நிமிட ஓய்வுக்குப் பின். இரு கையிலும் 2 முதல் 5 வரையிலான விரல்கள் பார்க்கப்பட்டன. வலது ஆள்காட்டி விரல் தெளிவில்லை, மருதாணி. மற்றவற்றில் மில்லிமீட்டருக்கு 5 முதல் 6. இடது மோதிர விரலில் இரண்டு ராட்சதங்கள், பெரியது 70 மைக்ரான். இடது நடுவிரலில் ரத்தக்கசிவு. ஸ்கிளிரோடெர்மா அமைப்பு உண்டு." ஆறு மாதம் கழித்து வேறொருவர் பார்க்கும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும்.

"உண்டு", "இல்லை" என்பவற்றோடு "பார்க்க முடியவில்லை" என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேற்பட்ட விரல்கள் மங்கலாக இருந்தால் அதுதான் நேர்மையான பதில்.

"உண்டு" என்றால் ஏஎன்ஏ, ஆன்டி சென்ட்ரோமியர், ஆன்டி எஸ்சிஎல் 70 ஆகிய எதிர்ப்பொருள் பரிசோதனைகளுக்கு ரத்தம் அனுப்பிவிட்டு வாதநோய்ப் பிரிவுக்கு எழுதுங்கள். படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ரத்த அழுத்தம் பார்க்காமல் விடாதீர்கள். "இல்லை" என்றாலும் எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் வருடம் ஒருமுறை வரச் சொல்லிப் பார்க்கலாம்.

நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே கண்ணாடியை ஆல்கஹாலால் துடையுங்கள். கருவியோடு வந்த தாளில் ஆல்கஹால் கூடாது என்று போட்டிருந்தால், முனையில் ஒளி புகும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, ஒவ்வொருவருக்கும் மாற்றிவிடலாம். உறைக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தெளிவு குறையாது.

ஐசியூவிலும் பார்க்கலாமா

இதைக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். ரத்த ஓட்டம் குலைந்து ஷாக்கில் உள்ள நோயாளியின் நுண்சுழற்சியை, அதாவது நுண்நாளங்களில் ஓடும் ரத்தத்தை, பார்க்க நாக்கின் அடியில் வைக்கும் கையடக்க வீடியோ மைக்ராஸ்கோப்புகள் தனி வகை. விலை, பயிற்சி, அளவீட்டு முறை எல்லாமே வேறு. நம் யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பை நகமடிப்பில் வைத்து, கிருமித் தொற்றால் உடம்பு முழுதும் பாதிக்கப்படும் செப்சிஸைப் பற்றி எதுவும் சொல்ல முயல வேண்டாம்.

ஆனால் அங்கே இதைவிட மலிவான கருவி ஒன்று வேலை செய்கிறது: ஒரு கண்ணாடி ஸ்லைடு. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 28 ஐசியூக்களில் 424 செப்டிக் ஷாக் நோயாளிகளை வைத்து நடந்த ஆண்ட்ரோமீடா ஷாக் ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரு பிரிவில் ரத்தத்தில் உள்ள லாக்டேட் அளவைப் பார்த்துச் சிகிச்சையை நகர்த்தினார்கள், மற்றொன்றில் விரலில் ரத்தம் திரும்பும் நேரத்தை. 28 நாளில் இறந்தவர்கள் லாக்டேட் பிரிவில் 43.4 சதவீதம், விரல் பிரிவில் 34.9. புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை, என்றாலும் விரலைப் பார்ப்பது லாக்டேட்டுக்குக் குறைந்ததாக இல்லை என்று பலரையும் யோசிக்க வைத்தது.

அவர்கள் செய்தது இது. வலது ஆள்காட்டி விரலின் நுனிச் சதையை ஸ்லைடால் அழுத்தி, வெளுத்ததும் அந்த அழுத்தத்தை 10 நொடி அப்படியே பிடித்து, விட்டதும் கடிகாரத்தில் எண்ணினார்கள். பழைய நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆனால் அது சரியில்லை. அரை மணிக்கு ஒருமுறை மீண்டும். இரண்டு நொடி அமுக்கிவிட்டு "நார்மல்" என்று எழுதும் நம் வழக்கத்தோடு ஒப்பிட்டால், ஸ்லைடும் கடிகாரமும் சேர்ந்து அதை ஒரு அளவீடாக மாற்றுகின்றன. கை சில்லிட்டிருந்தால், அறை குளிராக இருந்தால் நேரம் கூடும். அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே ஸ்லைடைச் சிவந்த புள்ளிகளின் மேல் வைத்து அழுத்தலாம். மறைந்தால் ரத்தம் இன்னும் நாளத்துக்குள் இருக்கிறது. மறையாவிட்டால் வெளியே கசிந்துவிட்டது. பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேளுங்கள்.